ரேகை வாங்கியவர்கள் கட்டிய பள்ளிக்கூடம்

ஆறு வயதுக்கு மேல், பதினெட்டு வயதுக்குக் கீழ். 1911ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டம் பிள்ளைகளுக்கு வைத்த வயதுக்கணக்கு இது. அதன் 17ஆம் பிரிவு மாகாண அரசுக்கு ஓர் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தது. குற்றப் பழங்குடி என்று அறிவிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளியிலோ விவசாயப் பள்ளியிலோ சீர்திருத்தப் பள்ளியிலோ போட்டுவிடலாம். அந்தப் பிள்ளை எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தில் பிறந்திருந்தால் போதும்.

2022 ஜூலையில் போப் பிரான்சிஸ் கனடாவின் வடகோடியில் உள்ள இக்காலுயிட் ஊருக்குப் போய், உறைவிடப் பள்ளிகளில் வதைபட்ட இனுயிட் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். சிங்கப்பூரில் நாம் அதைச் செய்தியாகப் பார்த்தோம். பனிநாட்டில் பாவம் என்னென்னவோ நடந்திருக்கிறது என்று உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போனோம். மதுரையிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் வரும் ஊர்களில், பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், அதிகாரிகள் பிள்ளைகளைத் 'திருத்த' என்ன செய்தார்கள் என்று நமக்குள் பேச்சு எழவில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே நம்மோடு எம்ஆர்டியில் நின்றுகொண்டு வருகிறார்கள். அப்படியும் பேச்சு எழவில்லை.

குற்றப் பழங்குடிகள் சட்டம் 1871இல் வட இந்தியாவில் பிறந்தது. 1911இல் திருத்தி எழுதி, சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடிக் கள்ளர்கள்மீது 1914இல் முதலில் பாய்ந்தது. 1918க்குள் உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்கள் எல்லோரும் அதன் வளையத்துக்குள் வந்துவிட்டார்கள். ஊரில் அதற்குப் பெயர் ரேகைச் சட்டம். வயது வந்த ஆண் ஒவ்வொருவனும் பத்து விரல் ரேகையையும் உருட்டிக் கொடுக்க வேண்டும். ராத்திரியில் போலீஸ் கச்சேரியிலோ ஊர்ச் சாவடியிலோ போய் ஆஜராக வேண்டும். அடுத்த ஊரில் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போவதென்றாலும் ராதாரிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. கல்யாணம் ஆன அன்று ராத்திரியும் மாப்பிள்ளை சாவடியில் படுத்துக் கிடந்தான் என்று அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். கேட்கிறவனுக்குச் சிரிப்பு வராது.

விரல் ரேகையை வகைபிரித்து அடுக்கும் முறையே இந்தியாவில் உருவானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1897இல் கல்கத்தாவில் ரேகைக்கென ஓர் அலுவலகம் திறந்தார்கள். கணக்குப் போட்டு வகைபிரித்தவர்கள் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு உள்ளூர்க்காரர்கள். பெயர் வாங்கியவர் எட்வர்ட் ஹென்றி. அவர் அந்த முறையோடு லண்டனுக்குப் போய் ஸ்காட்லாந்து யார்டில் பெரிய உத்தியோகத்தில் உட்கார்ந்தார். வேலை ஒருவர் செய்ய, மேடையில் மாலை இன்னொருவர் வாங்குவது அன்றும் உண்டு.

ரேகை கொடுக்க மாட்டோம் என்று பெருங்காமநல்லூர்க்காரர்கள் நின்றார்கள். 1920 ஏப்ரல் 3. போலீஸ் சுட்டது. பதினாறு பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்று ஊரில் சொல்கிறார்கள். ஜாலியன்வாலா பாக் நடந்து ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அமிர்தசரஸின் பெயர் உலகத்துக்கே தெரியும். பெருங்காமநல்லூரின் பெயர் மதுரை மாவட்டத்தைத் தாண்ட எத்தனையோ காலம் பிடித்தது.

துப்பாக்கி ஓய்ந்த கையோடு வந்ததுதான் கள்ளர் சீரமைப்புத் திட்டம். தனி அதிகாரி வந்தார். கிணறு வெட்டக் கடன், கூட்டுறவுச் சங்கம், கள்ளர் பஞ்சாயத்து, சாரணர் படை என்று வரிசையாக வந்தன. கூடவே பள்ளிக்கூடம் வந்தது, மாணவர் விடுதி வந்தது. அரசின் கணக்கு எளிமையானது. அப்பனைத் திருத்த முடியாது, அவனுக்குச் சாவடி. மகனைத் திருத்தலாம், அவனுக்குச் சிலேட்டு. பகலில் மகன் படித்த அதே ஊரில் ராத்திரி அப்பன் காவல்காரன் முன்னால் பேர் சொல்லிக் கைகட்டி நின்றான். மகனும் வயதுக்கு வந்ததும் அவன் விரலிலும் மை ஏறும். எட்டாம் வகுப்புப் படித்தவன் என்பதற்காகச் சட்டம் அவனை விட்டுவிடவில்லை.

இந்த முரணை அன்றைக்கே உரக்கச் சொன்னவர் ஒருவர் உண்டு. கேரளத்துச் செங்கன்னூரில் பிறந்து மதுரையில் பாரிஸ்டராக இருந்த ஜார்ஜ் ஜோசப். கோட்டில் ரோஜாப்பூ குத்தியிருப்பார் என்பதால் மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்றார்கள். கள்ளர்களுக்காகக் கோர்ட்டில் வாதாடினார், பத்திரிகையில் எழுதினார், 1938இல் மதுரையிலேயே காலமானார். உசிலம்பட்டிப் பக்கம் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்தது அவருக்கான நன்றிக்கடன். பிறகு முத்துராமலிங்கத் தேவர் இந்தச் சட்டத்துக்கு எதிராகத் தென்மாவட்டங்களில் பெருங்கிளர்ச்சியை நடத்தினார். 1947இல் சென்னை மாகாணம் சட்டத்தை நீக்கியது. நாடு முழுக்க நீங்கியது 1952 ஆகஸ்ட் 31இல்.

சிங்கப்பூரின் செங்காங்குக்கு வருகிறேன். நான் குடியிருக்கும் வீவக புளோக்குகள் முளைத்து முப்பது வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் இங்கே காங்கார் என்ற மீன்பிடிக் கிராமமும் ரப்பர் மரங்களும் பன்றிப் பண்ணைகளும் இருந்தன. அதற்கும் முன்னால் இந்த வடக்குக் கரையோரத்துக் கழிமுகங்களில் படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்தவர்கள் ஓராங் சிலேத்தார் மக்கள். இன்று அவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் பாலம் கடந்து ஜொகூருக்குப் போக வேண்டும். அங்கே தங்கள் நிலத்துக்காகக் கோர்ட் படியேறியவர்கள் அவர்கள். எல்ஆர்டி ஓடும் இந்த ஊரில் அவர்களின் சுவடு சிலேத்தார் என்ற பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இன்று நான் எழுத வந்தது அவர்களைப் பற்றி அல்ல.

இங்கே கட்டட வேலையில் மேற்பார்வை பார்க்கும் உசிலம்பட்டித் தம்பி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போகுமுன் எங்கள் புளோக் கோப்பிக்கடையில் உட்கார்வார். வேலை அனுமதிக்கு ரேகை வைத்தது, உள்ளே நுழையும்போது ரேகை வைத்தது, வேலையிடத்தில் வருகைப் பதிவுக்குத் தினமும் விரல் வைப்பது என்று பேச்சு ஒருநாள் அந்தப் பக்கம் போனது.

"எங்க பாட்டன் பத்து விரலையும் உருட்டிக் குடுத்தாராம்ணே. எனக்குப் பரவாயில்ல, ரெண்டு விரலோட விட்டாங்க" என்றார்.

"படிச்சது எங்க தம்பி?"

"கள்ளர் ஸ்கூலுதான். எங்க அப்பாவும் அங்கதான். விடுதியில தங்கித்தான் பன்னெண்டு வரைக்கும் போனேன். அது இல்லேன்னா நான் இந்நேரம் ஆடு மேச்சிக்கிட்டிருப்பேன்."

பாட்டனிடம் ரேகை வாங்கிய அரசு பேரனுக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்திருக்கிறது. கனடாவில் பிழைத்து வந்தவர்களில் பலர் தங்கள் பள்ளியைப் பற்றி இப்படிப் பேச மாட்டார்கள். இரண்டையும் ஒன்றென்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

அங்கே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1940களில் தொடங்கி, கனடா அரசு இனுயிட் மக்களுக்கு எண் பொறித்த சிறு வில்லைகளைக் கொடுத்தது. பெயர் வாயில் நுழையவில்லையாம், அதனால் எண். அரசுக் காகிதங்களில் மனிதன் எண்ணாகிப்போனான். 1970 வாக்கில் ஏப் ஓக்பிக் என்ற இனுயிட் மனிதர் ஊர் ஊராகப் போய் மக்களுக்குக் குடும்பப் பெயர் பதிவு செய்து முடித்த பிறகுதான் அந்த எண் போனது. எண் கொடுத்த அதே காலத்தில் பிள்ளைகளையும் அள்ளினார்கள். 1958இல் நௌயாட் பக்கத்தில் கோடைக் கூடாரத்தில் பெற்றோரோடு இருந்த பதினொரு வயதுப் பையன் பீட்டா இர்னிக்கைக் கத்தோலிக்க மிஷன்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். செஸ்டர்ஃபீல்டு இன்லெட்டில் உள்ள துர்க்கெத்தில் விடுதியில் போட்டார்கள். தாய்மொழியில் பேசினால் அடி. பெற்றோர் வெகு தொலைவில். அந்தப் பையன் வளர்ந்து 2000இல் நுனாவுட் பிரதேசத்தின் ஆணையரானார். 1993இல் அந்த விடுதியின் பழைய மாணவர்கள் அதே ஊரில் ஒன்றுகூடியபோதுதான் அடியும் பட்டினியும் பாலியல் கொடுமையும் முதன்முதலாகக் கூட்டத்தில் வைத்துப் பேசப்பட்டன. அதற்குமுன் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் அது நடந்தது என்று நினைத்திருந்தார்கள்.

பேசத் தொடங்கிய பிறகு நடந்ததுதான் முக்கியம். வழக்குகள் குவிந்தன. 2007இல் உறைவிடப் பள்ளி உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. பள்ளியில் இருந்த முதல் வருஷத்துக்கு 10,000 டாலர், அதற்குமேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் 3,000 டாலர், கொடுமைக்கு ஆளானவர்களுக்குத் தனியாக விசாரித்து இழப்பீடு. 2008இல் பிரதமர் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் ஊர் ஊராகச் சாட்சியம் கேட்டு 2015இல் 94 பரிந்துரைகளோடு முடித்தது. பள்ளியில் செத்த பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் இன்று 4,000ஐத் தாண்டிவிட்டது.

எல்லோருக்கும் கிடைத்ததா என்றால் இல்லை. லாப்ரடோர் இனுயிட்டுகளை உடன்படிக்கையிலிருந்தும் மன்னிப்பிலிருந்தும் விட்டுவிட்டார்கள். அங்கே பள்ளி நடத்தியவர்கள் மொரேவியன் மிஷனும் கிரென்ஃபெல் சங்கமும், நாங்கள் அல்ல என்று கனடா அரசு கைகழுவியது. வழக்குப் போட்டார்கள். 2016இல் ஐந்து கோடி டாலரில் சமரசம். 2017 நவம்பரில் ஜஸ்டின் ட்ரூடோ அங்கேயே போய்க் கண்ணீர்விட்டு மன்னிப்புக் கேட்டார். இனுயிட் சார்பில் டோபி ஓபெட் மேடையேறி அதை ஏற்றுக்கொண்டார். பக்கத்திலேயே வாழும் இன்னு இனத்தின் தலைவர்கள் ஏற்க மறுத்தார்கள். மறுத்ததும் சரிதான் என்பது என் எண்ணம். மன்னிப்பு என்பது கேட்பவர் சௌகரியத்துக்கு வந்து வாங்கிக்கொண்டு போகிற சாமான் அல்ல.

பள்ளி நடத்தியது நாங்கள் அல்ல, மிஷன் என்ற வாதத்தைப் படித்தபோதுதான் எனக்கு நம்மூர் முகாம்களின் நினைவு வந்தது. உண்மையில் இனுயிட் பிள்ளைகளின் கதைக்குக் கிட்டத்தில் நிற்பவர்கள் கள்ளர் பிள்ளைகள் அல்லர். கள்ளர் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் பிள்ளைகள் சாயங்காலம் வீட்டுக்குத்தான் போனார்கள். படித்தது தமிழில். கிட்டத்தில் நிற்பவர்கள் குடியிருப்பு முகாம்களில் அடைக்கப்பட்ட குறவர், எருகுலர் முதலானோரின் பிள்ளைகள். சென்னை மாகாணம் அந்த முகாம்களில் பலவற்றை மிஷன்களிடம் ஒப்படைத்தது. அன்று மாகாணத்துக்குள் இருந்த, இன்றைய ஆந்திரத்தின் பாபட்லா பக்கம் உள்ள ஸ்டூவர்ட்புரத்தைச் சால்வேஷன் ஆர்மி நடத்தியது. காவலி முகாமை அமெரிக்க பாப்டிஸ்டு மிஷன் நடத்தியது. தென்னாற்காட்டில் அஜீஸ் நகர் முகாம் இருந்தது. சால்வேஷன் ஆர்மியின் ஃபிரெடெரிக் பூத் டக்கர், குற்றத்தைக் குணப்படுத்தும் வைத்தியம் என்று இதற்கு ஒரு புதுப் பெயரே கண்டுபிடித்துப் புத்தகம் போட்டார். வைத்தியத்தின் முக்கிய மருந்து, பிள்ளையைத் தாயிடமிருந்து விலக்குவது. தாயிடம் இருந்தால் தொழிலைக் கற்றுக்கொள்ளும் என்பது அவர்களின் பயம். தாயும் தகப்பனும் முகாமைச் சுற்றியிருந்த ஆலைக்கும் புகையிலைத் தொழிற்சாலைக்கும் மலிவுக் கூலியாகப் போனார்கள். மீனா ராதாகிருஷ்ணா 2001இல் எழுதிய ஆய்வு நூல் இந்தக் கூலிக் கணக்கை அம்பலப்படுத்துகிறது. சீர்திருத்தம் யாருக்கு லாபமாக முடிந்தது என்று அதைப் படித்தால் புரியும்.

அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சாட்சியம் கேட்கவில்லை. 1949இல் அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் ஒரு குழு போட்டார்கள், சட்டத்தை நீக்கச் சொன்னார்கள், நீக்கினார்கள். அதோடு சரி. முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்க ஓர் ஆணையம் இல்லை. இழப்பீடு என்ற பேச்சும் எழவில்லை. 2008இல் ரென்கே ஆணையமும் 2018 வாக்கில் இதாதே ஆணையமும் அறிக்கை கொடுத்தன. இரண்டும் இன்றைய நலத்திட்டங்களைப் பற்றியவை. நேற்றைய பிள்ளைகளைப் பற்றி அல்ல.

சட்டம் போனாலும் சந்தேகம் போகவில்லை. 1948லேயே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்துவிட்டது. சாதியைச் சொல்லாமல் தனி ஆளைச் சொல்லும் சட்டம். அது பாய்ந்தது பெரும்பாலும் அதே தலைகளின்மேல். கம்மாபுரம் காவல் நிலையத்தில் 1993இல் அடித்துக் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர். செய்யாத திருட்டுக்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். 'ஜெய் பீம்' படத்துக்கு மூலம் அந்த வழக்குதான். வழக்கை நடத்தியவர் அன்று வழக்கறிஞராக இருந்த சந்துரு. அவர் பெயர் இன்னொரு முறை வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2024 அக்டோபர் 3இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா போட்ட வழக்கு. சிறைக் கையேடுகளில் சாதிவாரியாக வேலை பிரிப்பதையும், முன்பு குற்றப் பழங்குடிகள் எனப்பட்ட சீர்மரபினரைப் பிறவியிலேயே குற்ற நாட்டம் உள்ளவர்கள் போல எழுதியிருந்ததையும் நீக்கச் சொன்னது. 1952இல் செத்த சட்டத்தின் வாசகம் எழுபத்திரண்டு வருஷம் கழித்தும் சிறைக் கையேட்டில் உயிரோடு இருந்திருக்கிறது.

இனி உசிலம்பட்டியின் இன்றைய நிலைக்கு வருவோம். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறக்குறைய முந்நூறு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் நடக்கின்றன. ஐம்பதுக்கு மேற்பட்ட விடுதிகள். மதுரையில் இதற்கென்று இணை இயக்குநர் அலுவலகம். செக்கானூரணியில் இறங்கினால் பெரிய கள்ளர் மேல்நிலைப் பள்ளி கண்ணில் படும். நூறு வருஷத்தில் இந்தப் பள்ளிகளிலிருந்து வாத்தியார்கள், போலீஸ்காரர்கள், வக்கீல்கள், எம்எல்ஏக்கள் வந்திருக்கிறார்கள். போலீஸ்காரர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சாவடியில் கையைக் கட்டி நின்றவனின் பேரன் அதே வட்டாரத்து ஸ்டேஷனில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். ஆட்சியாளர்கள் நினைத்தது நடந்தது, நினைத்தபடி நடக்கவில்லை. அவர்கள் அடங்கிக் கிடக்கும் உழவனை உண்டாக்கப் பார்த்தார்கள். வந்தது ஓட்டையும் உத்தியோகத்தையும் கணக்குப் போட்டுக் கேட்கும் ஒரு சமூகம்.

கேட்பது எதை? 2023 தமிழ்நாடு பட்ஜெட்டில் பல துறைகளின் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்ப்போம் என்று அறிவித்தார்கள். உசிலம்பட்டிப் பக்கம் கொதித்துவிட்டது. எங்கள் பள்ளியை எங்களிடமிருந்து பிடுங்காதே என்று நின்றார்கள். 2024 ஜூனில், ஓய்வுபெற்ற நீதிபதியாகிவிட்ட அதே சந்துருவின் ஒருநபர்க் குழு, பள்ளிப் பெயர்களில் உள்ள ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு போன்ற அடைமொழிகளை எடுத்துவிடப் பரிந்துரைத்தது. மாணவர்கள் சாதி பார்த்து அரிவாள் தூக்கும் காலத்தில் பள்ளிப் பலகையிலேயே சாதி எதற்கு என்பது அவர் வாதம். மறுபடி எதிர்ப்பு. 2025இல் அரசு நலத்துறை விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று ஒரே பெயர் வைப்பதாக முதல்வர் அறிவித்தார். அதற்கும் எதிர்ப்பு.

வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு விசித்திரமாக இருக்கும். கனடாவில் உறைவிடப் பள்ளிக் கட்டடங்கள் சிலவற்றை இடித்தே விட்டார்கள். இங்கே தங்கள் பாட்டனைக் குற்றவாளி என்று சொன்ன திட்டத்தின் பலகையைக் கழற்றாதே என்கிறார்கள். ஆனால் அவர்கள் தரப்பில் நியாயம் இருக்கிறது. அந்தப் பலகை ஒன்றுதான் அரசு தங்கள் குலத்துக்குச் செய்த அநியாயத்தை அரசே ஒப்புக்கொள்ளும் காகிதம். மன்னிப்புக் கடிதம் கிடையாது, இழப்பீட்டுக் காசோலை கிடையாது, சாட்சியத் தொகுப்பு கிடையாது. பள்ளியும் விடுதியும்தான் கிடைத்தவை. பலகையையும் கழற்றிவிட்டால் நடந்ததற்கு அத்தாட்சி எது? சந்துரு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இன்று அந்தப் பள்ளியில் சேரும் பட்டியல் சாதிப் பிள்ளைக்கு வாசலில் தொங்கும் சாதிப் பெயர் பெருமை அல்ல, எச்சரிக்கை. அன்று அவமானமாக மாட்டியது இன்று அதிகாரமாக மாறியிருக்கிறது என்பதை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

என்னைக் கேட்டால், பலகை கழறட்டும். ஆனால் அதற்கு முன்னால் விசாரணை வேண்டும். ரேகைச் சட்டத்தைப் பற்றியும் முகாம்களைப் பற்றியும் அரசு ஓர் ஆணையம் போட்டு, ஆவணங்களைத் திறந்து, மிச்சமிருக்கும் கிழவர் கிழவிகளிடம் கேட்டு எழுதி, பத்தாம் வகுப்புப் பாடத்தில் வைக்கட்டும். ஸ்டூவர்ட்புரத்திலும் அஜீஸ் நகரிலும் அதே ஆணையம் போய் உட்காரட்டும். கள்ளர்களுக்காவது கூட்டம் இருக்கிறது, கட்சிகள் இருக்கின்றன, எதிர்ப்பு என்றால் மந்திரி வீட்டுவரை சத்தம் கேட்கிறது. குறவர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியும் மிஞ்சவில்லை, விடுதியும் மிஞ்சவில்லை, பலகையும் மிஞ்சவில்லை. பிள்ளைகளை முகாமுக்குப் பறிகொடுத்த கூட்டத்துக்குத்தான் கடைசியில் கையில் எதுவும் இல்லை. நீதி கேட்கும் வரிசையில் அவர்களைப் பின்னால் நிறுத்திவிட்டு, பெயர்ப்பலகைக்கு மட்டும் சண்டை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தமிழ்நாடு அரசு 1979இல் சீர்மரபினரைப் பழங்குடி என்ற சொல்லிலிருந்து சமூகம் என்ற சொல்லுக்கு மாற்றியது. அறுபத்தெட்டுச் சாதிகள். நாற்பது வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2019இல், மாநிலச் சலுகைக்கு ஒரு பெயரும் மத்திய அரசின் திட்டங்களுக்கு இன்னொரு பெயரும் என்று இரட்டைச் சான்றிதழ் கொடுக்க உத்தரவு வந்தது. நீதி என்ற பெயரில் நமக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழ்தான். தாசில்தார் ஆபீஸ் வரிசையில் நின்றால் கிடைக்கும்.

கனடாவில் இப்போது வேறொரு சிக்கல். கொடுமைக்கு இழப்பீடு கேட்டுத் தனித்தனியாகக் கொடுத்த வாக்குமூலங்களை என்ன செய்வது? சொன்னவர்களின் மானம் காக்க வேண்டும், வரலாற்றையும் காக்க வேண்டும். கனடா உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்புச் சொன்னது. சொன்னவர் விரும்பினால் காப்பகத்துக்குப் போகும், இல்லாவிட்டால் 2027 செப்டம்பரில் அழிக்கப்படும். அவர்களுக்கு எழுதி வைத்ததை அழிக்கலாமா என்ற கவலை. நமக்கு எழுதவே இல்லை.

1947இல் சட்டம் நீங்கியபோது ரேகை வைத்த இளைஞனுக்கு இருபது வயதென்றால் இன்று அவன் நூற்றைத் தொட்டிருப்பான். அவர்களிடம் கேட்கும் காலம் முடிந்துவிட்டது. ஆனால் சாவடிக்குப் போன அப்பனுக்குச் சோற்றுச் சட்டி தூக்கிக்கொண்டு போன மகனும் மகளும் எண்பதுகளில் இருக்கிறார்கள். விடுதியில் முதல் தலைமுறையாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். முகாமில் பிறந்தவர்களும் இருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் 1979இலிருந்தே வாய்மொழி வரலாற்றுக்கென அரசுப் பிரிவு ஒன்று இயங்குகிறது. துறைமுகக் கூலி, காய்கறி வியாபாரி, தாதி என்று யாரை வேண்டுமானாலும் உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசவைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள், தமிழிலும்தான். எப்படிக் கேட்க வேண்டும், எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று இந்த ஊருக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தை ஊர்ப் பக்கம் கொண்டுபோக ஆணையம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

செங்காங்கிலோ தேக்காவிலோ விடுதியிலோ இருந்துகொண்டு இதைப் படிக்கும் உசிலம்பட்டி, திருமங்கலம், கம்பம் பக்கத்துத் தம்பிகளே, விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துத் தம்பிகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போடும்போது வழக்கமாகப் பேசுவதைப் பேசி முடித்தபின் அப்பத்தாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். ரேகைச் சட்டம் பற்றிக் கேளுங்கள். பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுக் கேளுங்கள். பெயர், ஊர், வயது, யார் மகள், யார் பேத்தி என்று முதலில் சொல்லவிடுங்கள். அதை இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்கள்.